கை படாத இரும்பு

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியுமுன் தலைக்கு ஊற்றி, மாக்கோலம் போட்டு, அம்மனுக்குக் கூழ் காய்ச்சினேன். கேப்பை மாவு பழசு, லேசாகக் கசந்தது. அடுத்த வாரத்துக்குப் புதிதாகத் திரிக்க வேண்டும். சிலிண்டர் மாற்றியாயிற்று. பால்காரர் இரண்டு நாளாகத் தண்ணீர் கூட்டுகிறார். கேட்டால் மாடு மழைப்புல் தின்கிறது என்கிறார். ஆடி மாதத் தூத்துக்குடியில் ஏது மழை, ஏது புல்.

பின்கதவைத் திறந்தால் எங்கள் பட்டறை. கடற்காற்று தின்னாமல் இரும்புக்குச் சட்டை போடுகிற தொழில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர், இவர்கள், ஆட்களோடு பேசுவதைக் காதில் வாங்கியும், கம்பிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளை எழுத்துக் கூட்டியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். குழாயை முதலில் மணலடி அடிப்பார்கள், காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி. துரு எல்லாம் போய், மேல்தோல் ரவை தூவினதுபோலச் சொரசொரப்பாகிவிடும். பிறகு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கம்பி இரண்டைத் துப்பாக்கியில் மாட்டி, மின்பொறியில் உருக்கி, காற்றால் ஊதிப் பூசுவார்கள். உருகின உலோகம் அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும். உப்பு வந்து தாக்கும்போது துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். எனக்கு அது ஒரு விரதம் போலத் தோன்றும்.

மணலடித்த இரும்பை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலிலிருக்கும் வேர்வையும் பிசுக்கும் போதும், பூச்சு பிடிக்காது. 'கையுறை இல்லாமல் தொடாதே' என்று இவர்கள் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். போன மாதம் கம்பி இறக்க வந்தவன் சும்மா தடவிப் பார்த்தான். நான்தான் சத்தம் போட்டு விரட்டினேன்.

மத்தியானம் இவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு, வழக்கம்போலப் பூஜைத் தட்டோடு பட்டறைக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் பெரிய வேலை சித்திரை ஒன்றாம் தேதி எங்களுக்குக் கிடைத்தது. அன்று நேர்ந்துகொண்டது இது. ஒவ்வொரு குழாய்க்கும் கழுத்தோரம், குழாய் வாயின் வளையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, குழைத்த திருநீற்றை மூன்று விரலால் இழுத்து, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மணலடிக்கு முன்னால் வைத்தால் பறந்துவிடும். அதனால் அடித்து முடித்துப் பூச்சுக்குக் காத்திருக்கும்போது வைப்பேன். குழாய்கள் பக்கத்தில் தொங்கும் சோதனைத் தகடுகளுக்கு வைப்பதில்லை. உப்புப் பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு எறிகிற தகட்டுக்குச் சாமி எதற்கு.

இவர்களுக்குத் தெரியாது. நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது.

ஜூலை 22, செவ்வாய்

முருங்கைக்கீரையும் பருப்பும் வைத்தேன். இவர்கள் இரண்டாம் சோறு வாங்கும்போது ஆலையிலிருந்து போன். பேசிவிட்டு வந்து கையைக் கழுவிவிட்டார்கள். சோறு இலையிலேயே கிடந்தது.

சித்திரைக்குப் பிறகு நாங்கள் அனுப்பின குழாய்களெல்லாம் கொப்பளித்திருக்கின்றனவாம். சில இடத்தில் பூச்சு செதிலாக உரிந்து, உள்ளே துரு எட்டிப் பார்க்கிறதாம். மாதிரிக்கென்று தை மாதம் அனுப்பின நாலு குழாய் பக்கத்திலேயே அதே உப்புக் காற்றில் நிற்கின்றன. அவற்றுக்கு ஒன்றுமில்லை. காரணம் தெரியும்வரை புது வேலை தரமாட்டார்கள், கையிலிருப்பதை மட்டும் முடிக்கலாம்.

சித்திரையில் என்ன மாறியது என்று இவர்கள் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டே கூடத்தில் நடந்தார்கள். கம்பி அதே கம்பெனி. மணல் அதே மணல். பூசுகிற ஆளும் அதே இசக்கிராஜா.

ஜூலை 23, புதன்

மின்கட்டணம் கட்டியாயிற்று. யாரோ கண் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி வாசலில் வைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆலையிலிருந்து சோதிக்கிறவர் வந்தார். கிருபாகரன் என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணமாகாத பிள்ளை, ஆனால் பேச்சு மாமனார் பேச்சு. காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். நான் பால் குடத்தை மூடுகிறேன் என்று பின்கதவு ஓரமாக நின்றுகொண்டேன்.

பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். கனம் எங்கும் குறையவில்லை. பிறகு உப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சோதனைத் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தகட்டுல ஒரு துளி துரு இல்லைங்க. இதே நாள், இதே கம்பி, இதே துப்பாக்கி. ஆனா குழாய் மூணு மாசத்துல உரியுது. தகட்டுக்கு ஒரு வேலை, குழாய்க்கு ஒரு வேலைன்னு செஞ்சாத்தான் இப்படி வரும்."

இவர்கள் முகம் கறுத்துவிட்டது. "தம்பி, நான் அப்படி ஒரு சோறு தின்னதில்ல."

"உங்களைச் சொல்லலைங்க. உங்க கைக்குக் கீழ இருக்கறவங்களைக் கொஞ்சம் பாருங்க."

கைக்குக் கீழே இருப்பவர்கள் மூன்று பேர். மணலடிக்கிற இருவர் குழாயும் தகடும் சேர்த்தேதான் அடிக்கிறார்கள். துப்பாக்கி பிடிப்பவன் இசக்கிராஜா மட்டும்தான். பங்குனியில் அவன் சம்பளம் கூட்டிக் கேட்டான். பெரிய வேலை கிடைக்கட்டும் என்று இவர்கள் தள்ளிவைத்தார்கள். வேலை கிடைத்த பிறகும் கூட்டவில்லை. அந்தக் கோபம் அவன் மனதில் எந்த மூலையில் கிடக்கிறதோ.

சோதிக்கிறவர் பேசும்போது இசக்கிராஜா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான். குற்றமில்லாதவன் எதற்குக் குனிய வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

காலையில் ரேஷன். பச்சரிசி போடவில்லை.

இன்று ஒன்றைக் கண்டேன். வேலை முடிந்து போகும்போது இசக்கிராஜா சாப்பாட்டுப் பையில் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைத் திணித்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் திணித்தான். மாடியில் துணி எடுக்கிற சாக்கில் நின்று கவனித்தேன். அவன் வீடு மேற்கே. சைக்கிளைக் கடற்கரை ரோட்டுக்குத் திருப்பினான். அந்த ரோட்டில்தான் பழைய இரும்புக்கடைகள் வரிசையாக இருக்கின்றன.

இவர்களிடம் சொன்னேன். நம்பவில்லை. இருந்தாலும் கம்பிச் சுருளை நிறுத்துப் பார்த்தார்கள். பூசின பரப்புக்கு ஆகவேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் தீர்ந்திருக்கிறது.

"ஏட்டி, ஆறு வருசமா நம்ம கூடக் கெடக்கான். நம்ம மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவன் அவன். அப்படிச் செய்யமாட்டான்."

"செய்யமாட்டான்னு நெனச்சுத்தான எல்லாரும் ஏமாறுதாங்க" என்றேன்.

இவர்கள் தராசை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றைக்கும் பொட்டலம். நேற்றையதைவிடச் சிறிசு. சுள்ளென்று ஏதோ வாசனை காற்றில் வந்தது. சாராயமாகவும் இருக்கலாம், பட்டறையில் பெயின்ட் கரைக்கிற தின்னராகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எழுத்து கோணுகிறது.

மத்தியானம் பூஜையை முடித்தபின் வீட்டுக்குத் திரும்புகிறவள் போலப் போய், காற்று அமுக்கும் எந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மற்ற இருவருக்கு முன்னாலேயே இசக்கிராஜா வந்தான். கையுறை போட்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். எதற்கு என்று யோசித்தேன். ஒரு வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து, குழாயின் கழுத்தோரத்தில் நான் வைத்த திருநீற்றையும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தி அழுத்தித் துடைத்தான். ஒவ்வொரு குழாயாக. ஒன்றையும் விடவில்லை.

என் அம்மனை அழிக்கிறான். காவலை எடுத்துவிட்டால் குழாய் கெடும் என்று தெரிந்து செய்கிறான். கம்பியையும் திருடி, காவலையும் கலைத்து, இவர்கள் சோற்றில் மண்ணைப் போடுகிறான்.

சத்தம் போட வாய்வரை வந்தது. போட்டால் நேர்ச்சை வெளியே தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அதுவும் நல்லதற்கில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. சித்திரான்னம் கிளறி வைத்துவிட்டு, சின்னம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போனது மேற்கே இருக்கிற காசு வெட்டுகிற அம்மன் கோவிலுக்கு. அநியாயம் பண்ணினவனை மனிதர்களால் கண்டுபிடிக்க முடியாதபோது அங்கே ஒரு காசை உளியால் இரண்டாக வெட்டி அம்மன் காலடியில் போட்டுவிடுவார்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

பூசாரி பெரிய ஆள். முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "பேர் சொல்லி வெட்டணுமா, செஞ்சவன்னு மட்டும் வெட்டணுமா?"

இசக்கிராஜாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளுக்கு இப்போதுதான் காது குத்தினார்கள், நான்தான் பாயசம் வைத்துக் கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை. அம்மனுக்குத் தெரியாதா என்ன.

"என் வீட்டுக்காரர் வேலையைக் கெடுத்த கை எதுவோ, அந்தக் கை விளங்காம போகட்டும்."

உளி இறங்கியது. வெள்ளிக்காசு விழுகிற மாதிரி ஒரு சத்தம்கூட வரவில்லை. சப்பென்று இரண்டானது.

"வெட்டினதைப் பொறவு சேத்துவைக்கணும்னு வந்தா, வெட்டினவங்களும் சாபத்தை வாங்கினவங்களும் சேந்து வரணும். தனியா வந்தா எடுத்துத் தரமாட்டேன். தெரிஞ்சுதானே வெட்டுதீங்க?"

தெரிந்துதான் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கொப்பளித்த குழாய் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு கிருபாகரன் வந்தார். முற்றத்தில் இறக்கிவைத்தார்கள். ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். நான் காப்பி கொண்டுபோனேன்.

கழுத்தோரத்துக் கொப்புளத்தில் அவர் உளிமுனையைக் கொடுத்தார். பூச்சு தகடாகக் கிளம்பி அப்படியே உரிந்து வந்தது. உள்ளே இரும்பு தெரிந்தது. பூச்சு பிடித்த இடத்துக்கும் பிடிக்காத இடத்துக்கும் நடுவில் கோடு கிழித்ததுபோல வரம்பு.

"பாருங்க. மூணு விரலை இழுத்த மாதிரி. நடுவுல கட்டைவிரல் வெச்ச மாதிரி வட்டமா ஒண்ணு. நான் பார்த்த எல்லாக் குழாயிலும் வளையத்துலருந்து இதே தூரம், இதே வடிவம். இது தற்செயல் இல்லைங்க. யாரோ பிசுக்குக் கையோட வேணும்னே தொட்டிருக்காங்க. தொட்ட இடத்துல பூச்சு பிடிக்கலை, அந்த ஓட்டை வழியா உப்புத் தண்ணி பூந்துடுச்சு."

சொரசொரப்பின் குழிகளில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் என்னவோ ஒட்டியிருந்தது. துரு என்றார். எல்லோரும் துரு என்றார்கள்.

இவர்கள் இசக்கிராஜாவைக் கூப்பிட்டார்கள். "இது யார் கை?"

"அண்ணாச்சி, நான் கையுறை இல்லாம ஒருநாளும் தொட்டதில்ல."

"அப்ப யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தம்ளரைப் பார்த்தேன்.

"உன் பையில என்னல கொண்டுபோற தெனமும்? தொற."

"அதை மட்டும் தொறக்கச் சொல்லாதீங்க அண்ணாச்சி. உங்க பொருள் ஒரு குண்டூசி அதுல கெடையாது. எம்பிள்ளைக மேல ஆணையா சொல்லுதேன்."

"தொறக்க முடியாதுன்னா என்ன அர்த்தம்? கம்பி கொறையுது, வேலை கெடுது, பையைத் தொறக்கமாட்டேங்க. போயிரு. இனிமே இந்த வாசலை மிதிக்காத."

மற்ற இரண்டு ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், அன்னைக்கே எனக்குத் தெரியும் என்று முணுமுணுத்தான். இசக்கிராஜா பையை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டே போனான். ஏறி மிதிக்கவில்லை.

எல்லோரும் போனபின் முற்றத்தைப் பெருக்கப் போனேன். குழாய் கிடந்தது. என் மூன்று விரலையும் அந்தக் கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். வெயிலில் இரும்பு சுட்டது. எடுத்துவிட்டேன்.

ராத்திரிக்குச் சப்பாத்தி, உருளைக்கிழங்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து பொங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தலைவலி என்று சொல்லிப் பட்டறைப் பக்கம் போகவில்லை. பூஜை வீட்டுக்குள்ளேயே.

லாரிக்கு வைக்கிறார்கள். தையல் மிஷினுக்கு வைக்கிறார்கள். துறைமுகத்தில் கப்பலுக்குத் தேங்காய் உடைத்துச் சந்தனம் தெளிக்கிறார்கள். எந்தக் கப்பல் அதனால் மூழ்கிற்று. மூன்று விரலால் இழுத்த கோடு உலகத்தில் என் ஒருத்தியுடையதுதான் என்று எப்படிச் சொல்வது. இசக்கிராஜாவே துடைக்கும்போது விரல் பட்டிருக்கலாம். அவன் கையுறை போட்டிருந்தான். போட்டிருந்தாலும் கையுறை கிழிந்திருக்கலாம்.

சந்தனக் கல்லை மூன்றுதரம் கழுவினேன். விரலில் வாசனை போகவில்லை.

இவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கம்பி களவு என்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். இசக்கிராஜா என்ற பெயரில் ஒற்று வருமா என்று என்னைக் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

பூசுவதற்கு ஆள் இல்லாததால் இவர்களே துப்பாக்கியைப் பிடித்தார்கள். பழக்கம் விட்டுப்போன கை. கம்பி சிக்கிக்கொண்டு பொறி பின்னால் தெறித்தது. வலது மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை கொப்புளம். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். விரலை மடக்க முடியவில்லை. நான்தான் சோறு ஊட்டினேன்.

கை விளங்காமல் போகட்டும் என்று சொன்னேன். யாருடைய கை என்று சொல்லவில்லை. கெடுத்த கையைத் தேடிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த வீட்டில் எந்தக் கை என்று அவளுக்குக் குழப்பமில்லை. முதலில் எனக்குக் காட்டுகிறாள். அடுத்தது என் கை. அதற்கடுத்து எதுவோ.

மூன்றாவது உருண்டையில் சொன்னேன். நேர்ச்சை, தட்டு, எந்த நேரம், எந்த இடம், இசக்கிராஜா துடைத்தது, காசு வெட்டினது, எல்லாம்.

இவர்கள் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார்கள். கத்துவார்கள் என்று நினைத்தேன்.

"எத்தனை குழாய்க்கு வச்ச?"

"எல்லாத்துக்கும்."

"தகட்டுக்கு?"

"வைக்கல."

"சொவத்துல அவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கேன். நீ வாசிக்கவே இல்லையா?"

"வாசிச்சேன். மனுசக் கைக்குத்தான்னு நெனச்சேன்."

இடதுகையால் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டு எழுந்துபோய்விட்டார்கள். ஸ்டேஷனுக்கு எழுதின தாளை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார்கள். ஒரு கையால் கிழிக்க வரவில்லை, என்னிடம் நீட்டினார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இசக்கிராஜா வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அவன் மனைவி முத்துப்பேச்சி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. முறத்தை நிறுத்தவும் இல்லை. அவன்தான் உள்ளேயிருந்து வந்து இவர்கள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி இது?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

பொட்டலத்தில் என்ன என்று நான் கேட்டேன். அவன் மனைவியைப் பார்த்தான். சொல்லுங்க என்றாள் அவள்.

"தொடச்ச துணிதான் மதினி. சந்தனம், துண்ணூறு பட்ட துணியக் குப்பையில போட முடியுமா? காலுல மிதிபடும். அதான் கடல்ல கொண்டுபோயி விட்டுட்டு வருவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சாமி காரியம். நீங்க பயபக்தியா வைக்கிறதை, வைக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்ல? அண்ணாச்சிகிட்டச் சொன்னா உங்களை ஏசுவாவ. தொடச்சாப் போதும்னு நெனச்சேன். சந்தேகத்துக்கு அந்த எடத்துல ரெண்டு நடை கூடவே பூசினேன். அந்தக் குழியெல்லாம் அப்பிக்கிட்டுக் கெடக்கும்னு தெரியல. என் பேர்லயும் தப்பு உண்டு."

கம்பி எங்கே போனது என்று இவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

நான் காசு வெட்டினதையும், சேர்த்துவைக்க அவனும் வரவேண்டும் என்பதையும் சொன்னேன். முறம் நின்றது.

"எங்க வீட்டுக்காரர் மேலயா வெட்டினீங்க?" முத்துப்பேச்சியின் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பேர் சொல்லல. கெடுத்த கைன்னு மட்டும்தான் சொன்னேன்."

இசக்கிராஜா கொஞ்சம் யோசித்தான். "அப்பன்னா அது என்கிட்ட வராதே மதினி. சேத்துவைக்க நான் எதுக்கு வரணும்?"

இவர்கள் அவனிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சி குறுக்கே புகுந்தாள். "இங்க வந்து சொல்லுதது இருக்கட்டும். எங்க வச்சுக் களவாணின்னு வெரட்டினீகளோ அங்க வச்சுச் சொல்லுங்க. பொறவு கோவிலுக்கு வாறதப் பத்திப் பாக்கலாம். மாவு அரைக்கப் போனா என்னைப் பாத்து மூணு பேரு மணிபர்ஸ இடுப்புல சொருவுதாளுவ."

தண்ணீர் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கிருபாகரனை வரச்சொன்னார்கள். இரண்டு ஆட்கள், அவர், வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி இசக்கிராஜா. உள்ளே வரச்சொன்னதற்கு, முதலில் முடியட்டும் என்றான்.

சொல்லவேண்டியதை இவர்கள் சொல்கிறேன் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அடுப்படியில் நின்றே பேசிப் பழகின வாய். பட்டறையில் நாலு ஆண்களுக்கு நடுவில் என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. குழாய்க்கு நான்தான் வைத்தேன் என்றும், இசக்கிராஜா ஒன்றும் எடுக்கவில்லை, துடைத்த துணியைத்தான் கொண்டுபோனான் என்றும் சொன்னேன். முணுமுணுத்தவன் தலையைச் சொறிந்தான். யாரோ சிரித்தார்கள் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிருபாகரன் உரித்த இடத்தை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, அறிக்கையில் பிசுக்கு என்று மட்டும் எழுதிக்கொள்ளட்டுமா என்று இவர்களிடம் கேட்டார்.

"உள்ளதை எழுதுங்க தம்பி."

சித்திரை முதல் அனுப்பின குழாய்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து, பழைய பூச்சை அடித்தெடுத்து, எங்கள் செலவில் மறுபடி பூசித் தரவேண்டும். அப்படித் தந்தால் வேலை எங்களிடமே இருக்கும். இந்த வருஷம் தீபாவளிக்குத் துணி கிடையாது என்று மகளுக்குப் போனில் சொன்னேன். ஏன் என்றாள். அப்பாவுக்குக் கை சரியில்லை என்றேன்.

இசக்கிராஜா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் முத்துப்பேச்சி போன் செய்தாள். நாளைக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பஸ்ஸில் இசக்கிராஜாவும் முத்துப்பேச்சியும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். டிக்கெட் அவர்களே எடுத்தார்கள். இறங்குமிடத்தில் பூ வாங்கினேன். முத்துப்பேச்சிக்கும் ஒரு முழம் நீட்டினேன். தான் வைத்திருப்பதாகச் சொன்னாள். வைத்திருந்தாள்தான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பூசாரிக்கு என்னை நினைவில்லை. சேர்த்துவைக்க வந்தோம் என்றதும் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். வெட்டினவர் ஒருபக்கம், வாங்கினவர் எதிர்ப்பக்கம்.

"வெட்டினது யாரு?"

"நான்."

"வாங்கினது?"

எதிரே யாரும் உட்காரவில்லை. இவர்கள் தூணோரம் நின்றார்கள். இசக்கிராஜா கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான். பூசாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பின்னால் வரிசையிலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அதுவும் நான்தான்" என்றேன்.

"என்னம்மா சொல்லுத?"

"கெடுத்த கைன்னு சொல்லி வெட்டினேன். கெடுத்தது என் கை."

அவர் எத்தனையோ வருஷமாக அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறவர். இப்படி ஒன்று வந்ததில்லை போலிருக்கிறது. திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இசக்கிராஜாவைக் காட்டினார். "அப்ப இந்தத் தம்பி யாரு? இவர் எதுக்கு வந்திருக்காரு?"

"தனியா வந்தா எடுத்துத் தரமாட்டேன்னு சொன்னீங்களாம். அதான் கூட வந்தேன்" என்றான் இசக்கிராஜா.

பூசாரி அதற்குமேல் கேட்கவில்லை. புதுசாக ஒரு காசை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, என் வலது கையைப் பிடித்து அதில் வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முத்துப்பேச்சி பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை. ஆனால் வரிசையிலிருந்தவர்களுக்கு என் முகம் தெரியாதபடி நின்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. கூழ் நன்றாக வந்தது. இவர்கள் கைக்கட்டுப் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது, தோல்தான் கறுத்திருக்கிறது. இசக்கிராஜா வருவானா என்று இவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இசக்கிராஜா வந்தான். துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு, இவர்கள் சிக்கவைத்த கம்பியை எடுத்தான். திரும்பிவந்த குழாய்களில் முதல் பத்தை மத்தியானத்துக்குள் மணலடித்து முடித்தார்கள். வரிசையாகப் படுத்திருந்தன, அப்போதுதான் தலைக்கு ஊற்றி வந்த பிள்ளைகள் மாதிரி வெள்ளை வெளேர் என்று. இவர்கள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார்கள்.

நான் பின்கதவைத் திறந்தேன். கையில் தட்டு இல்லை. பார்க்கத்தான் போனேன். ஒரு காலை உள்ளே வைத்திருப்பேன்.

"மதினி, அங்கயே நில்லுங்க."

அதட்டலும் இல்லை, பணிவும் இல்லை. இவர்கள் மற்ற ஆட்களிடம் பேசுகிற குரல்.

நின்றேன். கதவு நிலைக்கு இந்தப் பக்கமாக, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி, துப்பாக்கிச் சத்தம் அடங்குகிறவரை நின்றேன்.